பை வாயைப் பிடித்தவள்

"இந்த வருஷம் நீ வர வேண்டாம் ரோண்டா. காலேஜ் பிள்ளைங்க வராங்களாம். இலையெல்லாம் சும்மாவே வாரிக் குடுத்துட்டுப் போறாங்களாம்."

டிங்லி கிழவி போனில் இதைச் சொன்னபோது ரோண்டா ஸ்விகார்ட் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இலை வாரியின் வளைந்த பல் ஒன்றை இடுக்கியால் நிமிர்த்திக்கொண்டிருந்தாள். கை ஒழியாததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். சாப்பிட வந்து, எதிரில் உட்கார்ந்து மக்ரோனி தின்றுகொண்டிருந்த மகள் ஷெல்பிக்கும் எல்லாம் கேட்டது.

"சரிங்க மிஸஸ் டிங்லி. பிள்ளைங்க நல்லாச் செய்யட்டும்."

"தப்பா எடுத்துக்காதே. அதுகளுக்கும் ஒரு புண்ணியம்தானே."

"தப்பா எடுத்துக்க என்ன இருக்கு? மரமும் உங்களோடது, இலையும் உங்களோடது."

போன் அணைந்தது. ரோண்டா பல்லை இன்னொரு திருகு திருகினாள். அது ஒடிந்து இடுக்கியோடு வந்துவிட்டது.

"மேட்டுத் தெருவுல இவளோட சேத்து எல்லாரும் வேண்டாம்னு சொல்லியாச்சு. யாருடி இந்தப் புண்ணியவான்? காலேஜ்ல யாரு தலையில உதிச்சது?"

ஷெல்பி தட்டைப் பார்த்தாள். மக்ரோனி ஆறிப்போய்ப் பசைபோல ஒட்டியிருந்தது.

"எங்க ஆபீஸ்தான்மா."

"உங்க ஆபீஸ்னா?"

"பேட்ரிஸ்தான் யோசனை சொன்னது. வீடு வீடா போன் பண்ணிக் கேட்டது... நான்."

ரோண்டா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் ஒரு அறை விட்டிருந்தால் ஷெல்பிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நல்லாப் படிக்க வச்சேன்டி உன்னை."

கார்வர் மில்ஸ் ஊரில் மில் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது காலேஜும் மரமும்தான். காலேஜ் மேட்டில் இருக்கிறது. அதைச் சுற்றி வாத்தியார்களும், செத்துப்போன வாத்தியார்களின் மனைவிமார்களும் பெரிய பெரிய வீடுகளில் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு மேப்பிள், ஓக். மேப்பிள் முதலில் கொட்டித் தீர்க்கும். அது முடிந்தது என்று நிமிரும்போது ஓக் ஆரம்பிக்கும். புல்தரையில் இலை கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரன் முகம் சுளிப்பான். குளிர் இறங்குமுன் வாரி, பையில் அடைத்து, தெரு ஓரத்தில் வைத்துவிட வேண்டும். நகராட்சி லாரி வந்து எடுத்துப்போகும். இந்த ஒரு பருவத்தில் இலை வாரும் கூலியில்தான் ரோண்டா வீட்டு ஹீட்டர் குளிர்காலம் முழுக்க எரியும். கோடையில் அவள் செய்யும் ஜன்னல் துடைப்பும் புல்வெட்டும் வயிற்றுக்குச் சரியாகப் போய்விடும். உயிரைப் பிடித்து வைத்தது இலைதான்.

ஷெல்பியின் பட்டமும் அந்த இலையில் விளைந்ததுதான். அவள் வம்சத்தில் காலேஜ் வாசல்படியைப் படிப்பதற்காக மிதித்த முதல் கால் அவளுடையது. அதற்கு முன்பு மிதித்த கால்களெல்லாம் துடைப்பத்தோடு போனவை.

சின்ன வயதில் அவளுக்கு ஒரே வேலைதான். பை வாயைப் பிடிப்பது. இலைக்கென்று ஆளுயரத்தில் பாதி வரும் காகிதப் பை உண்டு. விரித்து நிறுத்தினால் நிற்காது. குடிகாரன்போல் மடிந்து மடிந்து விழும். அதன் உதட்டை வெளிப்பக்கம் ஒரு மடிப்பு மடித்து, இரண்டு கையாலும் அகட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். அம்மா தார்ப்பாயில் குவித்ததை அள்ளி அள்ளிக் கொட்டுவாள். தூசி மூக்கில் ஏறும், சிலந்தி முழங்கையில் ஏறும். ஒருமுறை நாய்ப்பீயும் வந்தது. பள்ளிக்கூட பஸ் அந்தத் தெருவைத் தாண்டும்போது வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக, "சருகுப் பொண்ணு! சருகுப் பொண்ணு!" என்று கத்துவார்கள். கையை எடுத்து முகத்தை மூடவும் முடியாது. எடுத்தால் பை விழுந்துவிடும்.

காலேஜ் விடுதிக்குப் போன அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "உன் எடத்துக்கு ஆள் போட்டாச்சு. சோறு கேக்காது, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காது." அது பச்சை நிறப் பிளாஸ்டிக் தகடு. சுருட்டிப் பைக்குள் இறக்கினால் விரிந்துகொண்டு பை வாயை வட்டமாகப் பிடித்து நிற்கும். நிரம்பியதும் உருவி எடுத்து அடுத்த பைக்குப் போட்டுக்கொள்ளலாம். ரோண்டா அதற்கு 'சின்ன ஷெல்பி' என்று பெயர் வைத்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது சிரிப்பு வந்தது.

படிப்பு முடித்ததும் அதே காலேஜில், சமூக சேவை அலுவலகத்தில் ஷெல்பிக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. தலைவி பேட்ரிஸ் லோவெல். தினமும் பெருநகரத்து அடுக்குமாடியிலிருந்து காரில் வந்து போகிறவள். எல்லாரையும் "கண்ணு" என்பாள். நேர்முகத்தில் "உங்கம்மா என்ன பண்றாங்க கண்ணு?" என்று கேட்டாள். "தோட்ட நிர்வாகத்துல இருக்காங்க" என்றாள் ஷெல்பி. நாக்கு அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. காலேஜ் கற்றுக்கொடுத்த நாக்கு.

மாணவர்களைக் கூட்டிப் போய் ஊருக்கு இலை வாரிக் கொடுக்கும் 'இலை நாள்' என்ற யோசனை வந்தபோது வாயைத் திறக்கத்தான் பார்த்தாள். "இந்த ஊர்ல காசு வாங்கிட்டு அந்த வேலையச் செய்றவங்க சில பேர் இருக்காங்க..." என்று இழுத்தாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. பாவம், அவங்களுக்கும் ஒருநாள் ஓய்வு கிடைக்கும்ல கண்ணு?"

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான். உடைப்பவர்களுக்குத் தேங்காய் யாருடையது என்று கேட்கத் தோன்றாது. தெரிந்த ஒருத்தி பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

இப்போது சமையலறையில் அவள் சொன்னாள்: "நான் வேணா பேட்ரிஸ்கிட்ட பேசறேன்மா. மேட்டுத் தெருவை மட்டும் விட்டுடலாம்."

"ஒண்ணும் பேச வேணாம். உன்னைத் தூக்கிட்டாங்கன்னா? இந்த வீட்டுல ஒருத்தி பொழப்பு போனாப் போதும்." ரோண்டா ஒடிந்த பல்லைக் குப்பையில் எறிந்தாள். "தின்னு. ஆறிப்போச்சு பாரு."

ஷெல்பிக்கு அன்றிலிருந்து ஒரே நினைப்புதான். அந்த வீடுகள் அம்மாவிடம் திரும்பி வர வேண்டும். எப்படி என்பதுதான் தெரியவில்லை. அடுத்த வாரம் பேட்ரிஸே அந்த வழியைப் பெட்டி பெட்டியாக வரவழைத்துக் கொடுத்தாள்.

"பாரு கண்ணு, எவ்வளவு அழகு!"

பெட்டிக்குள் பைகள். கண்ணாடிபோல் தெளிவான தடித்த பிளாஸ்டிக். நடுவில் காலேஜ் முத்திரை சிவப்பாக, தட்டு அகலத்துக்கு. "காகிதப் பையில இது ஒழுங்கா அச்சாகாதாம். இதுல பாரு, உள்ள இலையோட மஞ்சள், வெளிய நம்ம சிவப்பு. போட்டோவுக்கு அப்படியே அள்ளும்."

கார்வர் மில்ஸில் பால்குடி மறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: லாரிக்காரன் காகிதப் பையைத் தவிர வேறெதையும் தொட மாட்டான். இலை அப்படியே பையோடு அரைபட்டு எருவாகப் போகிறது. பிளாஸ்டிக்கைக் கண்டால் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். புல்தரையே இல்லாத பேட்ரிஸுக்கு இது தெரிய நியாயமில்லை. வெளியூர் மாணவர்களுக்கும் தெரியாது. கிழவிகளுக்கோ, பையைப் பற்றி ரோண்டா நினைப்பாள், அவர்கள் நினைக்க வேண்டியதில்லை.

"நீ இந்த ஊர்ப் பொண்ணு. இது சரியா இருக்கும்ல?"

ஷெல்பி வாயைத் திறந்தாள். மூடினாள். உள்ளே ஏதோ இனிப்பாக இறங்கியது.

"ரொம்ப அழகா இருக்கு பேட்ரிஸ். இதையே வச்சுக்கலாம்."

கிடக்கட்டும். மேட்டுத் தெரு முழுக்கச் சிவப்பு முத்திரையோடு பை பையாகக் கிடந்து நாறட்டும். அப்போது எல்லாரும் அம்மா வீட்டுக்குத்தானே போன் அடிப்பார்கள்? அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

இலை நாள் வந்தது. காலையிலேயே மேட்டுத் தெருவில் பாட்டு அலறியது. ஆப்பிள் சாறும் டோனட்டும் வைத்த மேசை. விலைச்சீட்டு கிழியாத புது வாரிகள். கையில் மாட்டிக்கொண்டு அள்ளும் பெரிய பிளாஸ்டிக் கைமுறங்களை மாட்டிய பையன்கள் கரடிபோல் உறுமிக்கொண்டு பெண்களைத் துரத்தினார்கள். ஊதும் மிஷினை முதுகில் கட்டிய ஒருவன் டிங்லி வீட்டு இலையை எல்லாம் பக்கத்து வீட்டுக்கு ஊதினான். பக்கத்து வீட்டில் நின்றவன் அதைத் திருப்பி ஊதினான். குவியல் சேர்த்தார்கள், குதித்தார்கள், மறுபடி சேர்த்தார்கள். ஆனாலும் கூட்டம் கூட்டம்தான். மத்தியானத்துக்குள் தெருவோரம் முழுக்கப் பைகள் நின்றன. டிங்லி கிழவியை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

அப்போது ரோண்டாவின் பழைய பிக்கப் வண்டி அந்தத் தெருவில் மெதுவாக வந்தது. பின்னால் தார்ப்பாய், வாரி, சுருட்டிய பச்சைத் தகடு. வேறெங்கோ வேலை தேடிப் போகிற வழி. ஷெல்பி சட்டென்று டோனட் மேசைக்குப் பின்னால் குனிந்து, இல்லாத எதையோ தேடினாள்.

"மேடம்! டோனட் எடுத்துக்கறீங்களா?" என்று ஒரு பையன் ஓடினான். நல்ல பையன்தான். எல்லாருமே நல்ல பிள்ளைகள்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

ரோண்டா வண்டியை நிறுத்தினாள். ஒன்றை எடுத்தாள். ஒரு கடி கடித்தாள். வரிசையாக நின்ற பிளாஸ்டிக் பைகளை ஒருதரம் பார்த்தாள். மேசைக்கு மேலே தெரிந்த மகளின் உச்சந்தலையையும் பார்த்தாள்.

"நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை லாரி வந்தது. எல்லாம் ஷெல்பி நினைத்தபடியே நடந்தது. ஒரு பைகூட ஏறவில்லை. பைக்கு ஒரு ஆரஞ்சு ஸ்டிக்கர், முத்திரைக்கு மேலேயே. அது அந்தப் பருவத்தின் கடைசிக்கு முந்தின சுற்று. கடைசிச் சுற்றுக்குப் பிறகும் தெருவில் பை கிடந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம். செவ்வாய் மழை. பைகளுக்குள் இலை வேர்த்துக் கறுத்து, மூட்டை மூட்டையாகப் பிணம் கட்டி வைத்ததுபோல் இருந்தது தெரு.

அலுவலகத்தில் போன் ஓயவில்லை. ஷெல்பி ஒவ்வொரு மணியையும் ரசித்தாள். சாயங்காலம் பாதை மாற்றி அம்மா வீட்டுக்குப் போனாள். போன் அடிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை. காபி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அதிக நேரம் காக்கவில்லை.

"ரோண்டா, நான் டிங்லி. தெருவுல கிடக்கிறதப் பாத்தியா? கண்றாவி!"

"பாத்தேங்க."

"இதுக்கெல்லாம் காரணம் உம்பொண்ணுதானாமே? அந்த பேட்ரிஸ் அம்மா போன்ல சொன்னாங்க. 'எங்க ஷெல்பி உள்ளூர்ப் பொண்ணு, அவதான் பையப் பாத்துச் சரின்னா'ன்னு. உம்பொண்ணு இப்படிப் பண்ணுவாளா? நீ எவ்வளவு சுத்தமாச் செய்வே."

ஷெல்பியின் கையில் காபி நின்றது.

"நான்தான் பேட்ரிஸ் அம்மாகிட்டச் சொன்னேன், 'கவலைப்படாதீங்க, அவ அம்மா ரோண்டா இருக்கா, வந்து சரிபண்ணிக் குடுத்துடுவா'ன்னு. தெருவே உன்னைத்தான் நம்பியிருக்கு. நீயா காசு கேப்பே? அதெல்லாம் உனக்கு மானம் ஜாஸ்தி, எனக்குத் தெரியும்."

ரோண்டா மகளைப் பார்க்கவில்லை. "நாளைக்கு வரேன் மிஸஸ் டிங்லி" என்றாள்.

மறுநாள் பேட்ரிஸ் முகமெல்லாம் பல்லாக வந்தாள். "உங்கம்மா இந்தத் தொழில்லயே இருக்காங்களாமே! சொல்லவே இல்லையே கண்ணு! அடுத்த வருஷம் பிள்ளைங்களுக்கு எப்படி வாரறதுன்னு சொல்லிக்குடுக்க அவங்களையே கூப்பிடலாம். மேடையேத்தி ஒரு பூங்கொத்து குடுப்போம்." ஷெல்பி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சாப்பாட்டு நேரம்தான். கேட்க யாரும் இல்லை.

ரோண்டா டிங்லி வீட்டு வாசலில் குனிந்திருந்தாள். கத்தியால் ஒரு பையின் வயிற்றைக் கிழித்துத் தார்ப்பாயில் கவிழ்த்தாள். ஊறிய இலை சாணிபோல் தொப்பென்று விழுந்தது. நாற்றம் எழுந்தது. காலிப் பிளாஸ்டிக் ஒரு பக்கம், சிவப்பு முத்திரையோடு, உரித்த தோல்போல் குவிந்திருந்தது. ஈர இலையைக் காகிதப் பை தாங்காது, அடி விட்டுவிடும். அதனால் பாதிப் பாதியாகத்தான் போட முடிந்தது. வேலை இரட்டிப்பு. அவளுடைய கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா."

"ம்."

"எனக்குத் தெரியும்மா. பிளாஸ்டிக்கை எடுக்க மாட்டான்னு தெரியும். தெரிஞ்சுதான் சரின்னேன்."

"தெரியும்."

"உனக்கா?"

"அன்னிக்கே பாத்தேனே. இந்த ஊர்ல பொறந்த நீ பிளாஸ்டிக் பைய வாங்கி வச்சிருக்கன்னா, ஒண்ணு உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கணும், இல்ல ஏதோ கணக்குப் போட்டிருக்கணும்." ரோண்டா அடுத்த பையைக் கிழித்தாள்.

"உனக்காகத்தான்மா. எல்லாரும் உன்கிட்டயே திரும்பி வரணும்னு."

"வந்துட்டாங்களே. பாரு, எவ்வளவு பேர் வந்துட்டாங்க."

"அவ பழிய என் தலையில போடுவான்னு நெனைக்கலம்மா..."

"அவ எங்கடி போட்டா? நீ சரின்னு சொன்ன, அதச் சொன்னா." ரோண்டா நிமிர்ந்தாள். நிமிர்வதற்கு முழங்காலில் கை ஊன்ற வேண்டியிருந்தது. "எனக்காகன்னு சொல்றியே. எனக்காகன்னா அவ மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த சொல்லிருப்ப. 'இது எங்கம்மா சோறு, கை வைக்காதே'ன்னு. சொன்னியா?"

ஷெல்பி உரித்துக் கிடந்த சிவப்பு முத்திரைகளைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்ட. சொன்னா, உங்கம்மா என்னன்னு அவ கேப்பா. டோனட் மேசைக்குப் பின்னாடி குனிஞ்சியே, உன் உச்சி தெரிஞ்சுது எனக்கு. அந்த உச்சியில ஈரு பாத்தவ நான், எனக்குத் தெரியாதா? ஊரான் என் வேலையத் தூக்கிட்டுப் போனான், தெரியாமப் போனான். போய்த் தொலையட்டும். நீ தெரிஞ்சு மறைச்ச. கெட்ட பேரு இப்ப ரெண்டு பேருக்கும்."

கதவு திறந்தது. டிங்லி கிழவி போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அட, ஷெல்பியும் வந்தாச்சா! அம்மாவுக்கு ஒத்தாசையா? பழைய மாதிரியே இருக்கு." பிறகு ரோண்டாவைப் பார்த்து, "அடுத்த வருஷம் பிள்ளைங்க காகிதப் பைதான் கொண்டு வருவாங்களாம். பேட்ரிஸ் அம்மா வாக்குக் குடுத்துட்டாங்க. உனக்கு இந்தத் தொந்தரவே இருக்காது" என்றாள்.

"ரொம்ப நல்லதுங்க" என்றாள் ரோண்டா.

"பாவம், முதல் தடவை. அடுத்த தடவை சரியாப் பண்ணிடுவாங்க."

"பண்ணிடுவாங்க. கத்துக்கிற பிள்ளைங்க."

கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் கிழவி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"ஹைவே பக்கம் கிடங்குல ஆள் எடுக்கறாங்களாம்" என்றாள் ரோண்டா, யாருக்கோ சொல்வதுபோல. "ராத்திரி ஷிப்ட். நின்னுக்கிட்டே பொட்டி ஒட்டணும். இந்த வாரி இனி எனக்கெதுக்கு? உங்க ஆபீசுக்கு எடுத்துட்டுப் போ. ஒரு பல்லுதான் இல்ல."

அவள் புதுக் காகிதப் பை ஒன்றை உதறி நிறுத்தினாள். அது வழக்கம்போல் இடுப்பு மடிந்து சாய்ந்தது. ஷெல்பி ஓரடி முன்னால் வந்தாள். கோட்டுக் கையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, குனிந்து, பையின் உதட்டை வெளிப்பக்கம் மடிக்கக் கை நீட்டினாள். கை எதையும் மறந்திருக்கவில்லை. எவ்வளவு அகலம், எவ்வளவு இறுக்கம், முகத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது.

ரோண்டா பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"விடு. அதுக்கு ஆள் இருக்கு."

பிக்கப்பிலிருந்து பச்சைத் தகட்டை எடுத்துச் சுருட்டி உள்ளே இறக்கினாள். அது டப்பென்று விரிந்து பையின் வாயை வட்டமாகப் பிடித்துக்கொண்டது. ரோண்டா இரண்டு கையாலும் இலையை அள்ளிக் கொட்ட ஆரம்பித்தாள். ஷெல்பி ஒரு பையின் அகலத்துக்கு விரித்த கையோடு அப்படியே நின்றாள். மேட்டில் காலேஜ் மணி அடித்தது.

"போ" என்றாள் ரோண்டா, குனிந்தபடியே. "ஆபீசுக்கு நேரமாச்சு."